மருதன் என்றொரு பெயர்

உங்கள் வகுப்பில் மருதன் என்று யாராவது இருக்கிறார்களா? அநேகமாக இருக்க மாட்டார்கள். மருதமுத்து என்ற பெயரை மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இப்போதும் கேட்கலாம், மருதன் அரிதாகிவிட்டது. சங்க காலத்திலோ இது பெரிய புலவர்களின் பெயர். 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியைப் பாடியவர் மாங்குடி மருதனார். மதுரை மருதன் இளநாகனார் என்று இன்னொரு புலவரும் இருந்தார்.

மருதன் என்றதும் மருத நிலம் நினைவுக்கு வரும். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்தைப் பார்க்க ஆசையா? மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் சோழவந்தான் பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். நெல் வயல், தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால் என்று கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

இந்தச் செழிப்புக்குக் காரணம் வைகை. வருசநாட்டு மலையிலிருந்து வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு வரும். கனமான மணல் ஆற்றுப்படுகையிலேயே தங்கிவிடும். நுண்ணிய வண்டலும் களிமண்ணும் நீரில் மிதந்தபடியே வரும். வெள்ளம் பரவி வேகம் குறையும் இடத்தில்தான் அவை படியும். களிமண் துகள்களுக்கு இடையே உள்ள துளைகள் மிகச் சிறியவை. அதனால் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடாது. நெல்லுக்கு அதுதானே வேண்டும்!

சரி, நிலத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஆற்றங்கரையில் வளரும் மருத மரத்திலிருந்துதான். வைகையில் இருந்த ஒரு துறையைத் திருமருத முன்துறை என்றே பரிபாடல் சொல்கிறது.

மருத மரத்தை நீர்மருது என்றும் சொல்வார்கள். நன்றாக வளர்ந்தால் அது 25 மீட்டர் உயரம்கூடப் போகும். வெளிறிய சாம்பல் நிறப் பட்டை மெல்லிய செதில்களாக உரியும். ஓர் இலையைப் புரட்டி, காம்பு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள்: குண்டூசித் தலை போல இரண்டு சின்னப் புடைப்புகள் தெரியும். அவை சுரப்பிகள். காயைப் பார்த்தால் இன்னும் வியப்பு. கட்டையாக இருக்கும் அதன் நீளவாக்கில் ஐந்து இறக்கைகள்! ஆற்றில் விழுந்தால் தண்ணீரோடு போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். வேர்களோ கரை மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் வந்தாலும் கரை எளிதில் சரியாது. ஆற்றுக்கு இதைவிட நல்ல காவல்காரர் கிடையாது என்பேன்.

மரத்தையும் நிலத்தையும் சேர்த்துப் பெயராக வைப்பது நம் ஊரில் மட்டுமல்ல. ஆஷ்லி என்ற ஆங்கிலப் பெயருக்கு, ஆஷ் மரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளி என்று பொருள்.

மருதம்பட்டை சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. அதற்காக, கண்ட மரத்திலெல்லாம் பட்டையை உரித்துவிடாதீர்கள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புற அடுக்கு வழியாகத்தான். சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், மரமே பட்டுப்போகும். கீழே விழுந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கி விதையுங்கள்.