மஞ்சள் பை தொங்கும் கதவுகள்

வீடும் சட்டமும் – 11

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் பிளாஸ்டிக் பை தொங்கினால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். நகரம் அடங்கிய வெய்ன் கவுன்ட்டி (மாவட்டம்) கருவூலத்தின் நோட்டீஸ் அதற்குள் இருக்கிறது. வரி பாக்கி நிற்கிறது, வீடு கையை விட்டுப் போகப்போகிறது என்று பொருள். வங்கிக் கடனால் வீடிழந்தவர்கள் கதை பலருக்கும் தெரியும். இங்கே போனவற்றில் பல, கடனெல்லாம் அடைந்த வீடுகள். அப்பா கார் ஆலையில் உழைத்து வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனவை. அவை சொத்து வரிக்காகப் போயின.

மிச்சிகன் மாநிலத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வரி பாக்கிக்கான கெடுவை இறுக்கிப் பிடித்தது. 2015-இன் வரியைக் கட்டவில்லை என்றால் 2018 மார்ச் 31-ஆம் தேதியோடு வீடு கவுன்ட்டிக்குச் சொந்தம். இடையில் வட்டி ஏறும். பிந்தைய கட்டத்தில் அது ஆண்டுக்கு 18 சதவீதம். செப்டம்பரில், பாக்கித் தொகையை ஆரம்ப விலையாக வைத்து ஏலம். விலை போகாதவை அக்டோபரில் 500 டாலரிலிருந்து ஏலத்துக்கு வந்தன. பாழடைந்து கிடக்கும் வீடும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் வீடும் ஒரே பட்டியலில் வரும். எங்கோ உட்கார்ந்து இணையத்தில் ஏலம் கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். 2008-க்குப் பிறகு நகரின் சொத்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த வழியில் பறிபோனது.

வரி கட்டாதவர் இழக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். அந்த வரியே சரியாகப் போடப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு மேல் ஒரு சொத்தை மதிப்பிடக் கூடாது என்கிறது மிச்சிகன் அரசியல் சாசனம். 2008 பொருளாதாரச் சரிவில் டெட்ராய்ட் வீடுகளின் விலை அதலபாதாளத்துக்குப் போனது. நகராட்சியின் மதிப்பீடு அதற்கேற்ப இறங்கவில்லை. சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுஹேனே ஆராய்ந்தபோது, 2009 முதல் 2015 வரை நகரின் வீடுகளில் 55 முதல் 85 சதவீதம் வரை அந்த வரம்பைத் தாண்டி மதிப்பிடப்பட்டிருந்தது தெரிந்தது. விலை மலிந்த வீடுகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. 2010-க்கும் 2016-க்கும் இடையில் மக்களிடம் கூடுதலாக விதித்த வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று 2020-இல் ‘டெட்ராய்ட் நியூஸ்’ கணக்கிட்டது. பலர் வீட்டை இழந்த பாக்கியில் ஒரு பகுதி, அவர்கள் கட்டியிருக்கவே வேண்டாத பணம்.

இன்னொன்று அதைவிட வலிக்கிறது. குறைந்த வருமானக்காரர்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு வரியில் விலக்கு உண்டு. வறியவர்களுக்கு வரி முழுவதுமே தள்ளுபடியாகும். அந்தச் சலுகை மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை அலைந்து வாங்க வேண்டியிருந்தது. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரின் வருமானத்துக்கும் சான்று வைக்க வேண்டும். அப்படி ஒரு விலக்கு இருப்பதே மஞ்சள் பை தொங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. தெரிந்து வாங்கினாலும் அது அந்த ஆண்டு வரிக்கு மட்டுமே. பழைய பாக்கி அப்படியே நின்றது.

இந்த இடத்தில்தான் உதவிக்கு வந்தவர்களின் வேலை தொடங்குகிறது. ‘யுனைடெட் கம்யூனிட்டி ஹவுசிங் கோயலிஷன்’ என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இந்த உதவியைச் செய்கிறது. கணக்கெடுப்பு வேலையாக வீடு வீடாகப் போன மிஷெல் ஓபர்ஹோல்ட்சர், ஏலப் பட்டியலில் இருந்த வீடுகளுக்குள் குழந்தைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு 2014-இல் ‘ட்ரைசைக்கிள் கலெக்டிவ்’ என்ற குழுவைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி, குடியிருக்கும் குடும்பமே தன் வீட்டை ஏலத்தில் மீட்கத் துணை நின்றது அந்தக் குழு. குழந்தைகளுக்கு மூன்று சக்கர சைக்கிளும் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட அமைப்புகளின் உதவி மேசையில் உட்காருகிறவர் கேட்கும் முக்கியமான கேள்வி, வீடு யார் பேரில் இருக்கிறது என்பது. நம் ஊரில் பட்டா தாத்தா பேரிலேயே கிடப்பது போல அங்கும் பத்திரம் இறந்துபோன பாட்டி பேரில் இருக்கும். பேத்தி அதே வீட்டில் பிறந்து வளர்ந்திருப்பாள். தண்ணீர் பில் அவள்தான் கட்டுவாள். காகிதத்தில் அவள் உரிமையாளர் இல்லை, ஆகவே விலக்கும் இல்லை. முதலில் வாரிசுரிமை நீதிமன்றம், பிறகு பத்திரப் பதிவு, அதன் பிறகுதான் வரி விலக்குப் படிவம். கெடு மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காது. வீட்டைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி இந்தக் காகித ஓட்டம்தான். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தர ஒரு ஆள் இல்லாவிட்டால் நல்ல சட்டமும் அந்தப் பேத்தியின் கைக்கு வந்து சேராது.

சட்டத்தையும் கொஞ்சம் அசைக்க முடிந்தது. இந்த விலக்குப் பற்றி 2016-இல் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசமாக முடிந்தது. விண்ணப்ப முறை எளிதானது, தகுதி இருந்தும் வீட்டை இழந்த சிலருக்கு 1,000 டாலரில் திரும்பப் பெறும் வாய்ப்பு கிடைத்தது. 2020-இல் வந்த சட்டம் இன்னும் பெரியது. அதன்படி, விலக்குக்குத் தகுதி பெற்றவருக்கு வட்டியும் அபராதமும் நீங்கின. அசல் பாக்கி, வரிவிதிப்பு மதிப்பில் 10 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை மூன்று ஆண்டுகளில் கட்டினால் போதும் என்றானது.

ஏலத்தில் பாக்கி போக மிஞ்சும் பணம்? அதையும் கவுன்ட்டிகளே வைத்துக்கொண்டிருந்தன. பக்கத்து ஓக்லண்ட் கவுன்ட்டியில் ஒருவர் 8 டாலர் 41 சென்ட் வரியைக் குறைத்துக் கட்டியதற்காக அவர் சொத்து 24,500 டாலருக்கு ஏலம் போனது. ஒரு சென்ட்கூட அவருக்கு வரவில்லை. அது பறிப்பு என்று 2020-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்னது. மினசோட்டாவில் 94 வயது ஜெரால்டின் டைலரின் வழக்கில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதையே தீர்ப்பாக்கியது.

ஆனால் மிச்சிகனில் அந்த மிச்சப் பணத்தைக் கேட்கவும் தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். வீடு பறிபோன ஆண்டின் ஜூலை 1-க்குள், நோட்டரி கையெழுத்தோடு கொடுத்தாக வேண்டும். தவறினால் உரிமை போச்சு. வீட்டை விட்டு வெளியேறி எங்கெங்கோ சிதறிப் போனவர்களைத் தேடிப் பிடித்து இந்தப் படிவத்தைக் கையில் சேர்க்கும் வேலையும் உதவி மேசைக்காரர்கள் தலையில் இப்போது விழுந்திருக்கிறது.

(தொடரும்)