தனியார் ஜெட் விமானிகளின் ஊதியமும் ஓய்வும்: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டியவை

பெங்களூருவில் அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானங்கள் 2008 மே மாதத்தில் தேவனஹள்ளிக்கு மாறிய பின்னரும், நகருக்குள் இருக்கும் எச்.ஏ.எல். விமான நிலையம் பாதுகாப்புத் துறையின் பறப்புகளுக்கும், முக்கியப் பிரமுகர்களின் பயணங்களுக்கும், தொழில் நிறுவனங்களின் சிறு ஜெட் விமானங்களுக்கும் இடமளித்து வருகிறது. இங்கு வேலை தேடும் விமானி முதலில் அறிய வேண்டியது, தனியார் ஜெட் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் சட்டப்படி இரு வேறு பிரிவுகள் உள்ளன என்பதாகும். முதலாவது, கட்டணம் பெற்றுப் பிறரை ஏற்றிச் செல்லும் சார்ட்டர் நிறுவனம். இதற்கு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் அட்டவணையில்லாச் சேவைக்கான அனுமதி தேவை. இரண்டாவது, ஒரு தொழில் நிறுவனம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் தனிப் பிரிவு விமானம். இதை வாடகைக்கு விட முடியாது. தனிப் பிரிவு விமானத்தில் கட்டணப் பயணிகளை ஏற்றச் சொன்னால் விமானி மறுக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது காரணமாகும், உரிமத்தின் மீதான நடவடிக்கை விமானியின் தலையிலும் விழும்.

பெரிய விமான நிறுவனங்களில் ஊதியம் பெரும்பாலும் பறந்த மணி நேரத்தைச் சார்ந்தது. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதற்கான தொகை உண்டு என்ற குறைந்தபட்ச உத்தரவாதமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் தொகையும் அங்கு வழக்கம். சார்ட்டர் நிறுவனங்களில் பறக்கும் நேரம் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம் என்பதால், நிலையான மாதச் சம்பளமும், வெளியூரில் தங்கும் இரவுக்கான படியும் சேர்ந்த அமைப்பே பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே இரண்டின் மாதத் தொகையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறான கணக்கு. நிறுவனத்தின் பிடியில் இருக்க வேண்டிய நாட்களின் எண்ணிக்கையால் அந்தத் தொகையை வகுத்துப் பார்த்தால்தான் ஊதியத்தின் உண்மையான அளவு தெரியும்.

அந்த நாட்களைக் கணக்கிடுவதில்தான் பெரும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் நெட்ஜெட்ஸ் நிறுவனத்தில் ஏழு நாள் பணி, ஏழு நாள் விடுப்பு என்ற சுழற்சி பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளது; விமானிகளின் தொழிற்சங்கம் நிர்வாகத்துடன் பேசி எழுதிய கூட்டு ஒப்பந்தம் அதற்குப் பின்பலமாக இருக்கிறது. இங்குள்ள சிறு நிறுவனங்களில் இரண்டு அல்லது மூன்று விமானங்களுக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவிலேயே விமானிகள் இருப்பதால், 'ஆன் கால்' என்ற ஒற்றைச் சொல்லில் மாதம் முழுவதும் அடங்கிவிடும் ஆபத்து உண்டு. ஸ்டாண்ட்பை என்பது அழைத்தால் குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டிய ஆயத்த நிலை. ஓய்வு என்பது எந்தக் கடமையும் இல்லாத, அழைப்புக்கும் இடமில்லாத காலம். எழுத்தில் இவ்விரண்டும் பிரிக்கப்படாத இடத்தில், வீட்டில் இருக்கும் விமானி ஓய்வில் இருப்பதாகவே நிறுவனம் கருதிக்கொள்ளும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக் கூடாது என்ற விதியும், பணிக்கு வந்ததும் மூச்சுப் பரிசோதனையும் இருப்பதால், எப்போது வேண்டுமானாலும் அழைக்கப்படலாம் என்ற நிலையில் உள்ளவர் உறவினர் திருமணத்தில்கூடத் தன் விருப்பப்படி இருக்க முடியாது. வெளியூர்ப் பயணமோ, குழந்தையின் பள்ளி நிகழ்ச்சியோ, ஆழ்ந்த உறக்கமோ இந்நிலையில் உறுதியில்லை. இத்தனை கட்டுப்பாடும் ஊதியமில்லா ஓய்வாகக் கணக்கிடப்படுவது அநீதி.

களைப்பு விமானியின் சொந்தச் சுகவீனம் மட்டுமன்று. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தனர். அதை ஆராய்ந்த விசாரணை மன்றம், தலைமை விமானியான கமாண்டர் பயணத்தின் பெரும்பகுதி உறங்கிவிட்டு, விழித்த பின்னும் தெளிவு திரும்பாத நிலையில் தவறான முடிவுகளை எடுத்ததைச் சுட்டிக்காட்டியது. பின்னாளில், 2024 ஜனவரியில் டிஜிசிஏ பணிநேர வரம்புகளைத் திருத்தி, வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்து செய்ய நேர்ந்ததும் இவ்விதிகளுக்குப் போதிய ஆயத்தம் இல்லாததால்தான். ஆனால் அந்தத் திருத்தம் அட்டவணைச் சேவைகளுக்காக எழுதப்பட்டது என்பதைச் சார்ட்டர் விமானி மறந்துவிடக் கூடாது. செய்தித்தாளில் படித்த 48 மணி ஓய்வு தனக்கும் உண்டு என்று நம்பாமல், தன் நிறுவனத்துக்கு டிஜிசிஏ ஏற்பளித்த பணிநேரத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். களைப்புற்ற விமானி பறக்க மறுக்கலாம். அந்த மறுப்பைத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், நாளும் நேரமும் குறித்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது பின்னாளில் அவரைக் காக்கும்.

அடுத்தது, விமானி அந்த நிறுவனத்தில் யார் என்ற கேள்வி. ஊழியராக நியமிக்காமல் 'ஆலோசகர்' என்ற பெயரில் மாதத் தொகை வழங்கும் வழக்கத்தில், கையில் வரும் பணம் கூடுதலாகத் தோன்றும். ஆனால் வருங்கால வைப்பு நிதி கிடையாது, பணிக்கொடை கிடையாது, சம்பளத்துடன் கூடிய விடுப்பு கிடையாது. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் 18 சதவீத வரிக் கணக்கும் விமானியின் பொறுப்பாகும். இழப்பின் முழு அளவு நிறுவனம் சரியும் நாளில்தான் வெளிப்படும். பெங்களூருவில் பதிவு அலுவலகம் கொண்ட கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் ஊழியர்கள் பல மாதச் சம்பள பாக்கியுடன் தெருவில் நின்றனர். 2019 ஏப்ரலில் நின்றுபோன ஜெட் ஏர்வேஸின் வழக்கில், ஊழியர்களின் வைப்பு நிதியும் பணிக்கொடையும் முழுமையாக வழங்கப்பட வேண்டும் என்று நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-இல் கூறியதை உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை. திவால் சட்டத்தில் தொழிலாளர்களின் 24 மாத பாக்கிக்கு உயர்ந்த முன்னுரிமை உண்டு. மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்குக் கீழே நிற்கும். ஆலோசகரோ பில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிற கடனீந்தோருள் ஒருவராகிவிடுவார்.

விமானி 'தொழிலாளர்' ஆவாரா என்பது நெடுங்காலமாக வாதிடப்பட்டு வந்த கேள்வி. கமாண்டர் மற்றவர்களை மேற்பார்வை செய்கிறார், அதிகச் சம்பளம் பெறுகிறார் என்பது நிர்வாகங்களின் வாதம். கிங் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தின் விமானிகள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அவர்களை அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின் கீழ் தொழிலாளர்களாகக் கருதியது. விமானம் ஓட்டுவதே அவர்களின் முதன்மை வேலை என்று பார்க்கும் இந்த அணுகுமுறையே நியாயமானது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஊதியத் தொகுப்புச் சட்டம் சம்பள உச்சவரம்பின்றி எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது: மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும், விலகினாலும் நீக்கப்பட்டாலும் கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டிப் படிகளைப் பெருக்கும் பழைய முறைக்கும் கடிவாளம் வந்துள்ளது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, மாதம் 4 லட்சம் ரூபாய் பெறும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 80,000 என்றிருந்தால், ஐந்து ஆண்டுப் பணிக்குப் பழைய முறையில் பணிக்கொடை சுமார் 2.31 லட்சம்; 2 லட்சத்தை ஊதியமாகக் கொண்டால் சுமார் 5.77 லட்சம். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை பிறக்கிறது.

உடல்தகுதி இழப்பைப் பற்றி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன. முதல் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாமல் வணிக விமானி பறக்க முடியாது. பெங்களூரு விமானப்படை விண்வெளி மருத்துவ நிலையம் போன்ற மையங்களில் நடக்கும் பரிசோதனையில் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதப்பட்டால், அந்த மாதங்களில் சம்பளம் தொடருமா என்பதே குடும்பத்தின் முதல் கேள்வி. விபத்துக் காப்பீடு இதற்கு உதவாது. உரிம இழப்புக் காப்பீடு தனியே வேண்டும். வானில் காயம் நேரும் வாய்ப்பும் கற்பனையன்று: 2023 மே 2 அன்று பெங்களூருவின் ஜக்கூரிலிருந்து கர்நாடகக் காங்கிரஸ் தலைவராக இருந்த டி.கே. சிவகுமாரைத் தேர்தல் பிரசாரத்துக்கு ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியைப் பறவை மோதி உடைத்தது. விமானி அதை எச்.ஏ.எல். நிலையத்தில் இறக்கி எல்லோரையும் காத்தார்.

வேலையை விடுவதிலும் கவனம் தேவை. டிஜிசிஏ 2017-இல் வகுத்த விதிப்படி கமாண்டர் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆனால் நிறுவனம் விமானியை நீக்க எவ்வளவு அவகாசம் தரும் என்பது ஒப்பந்த வாசகத்தையே சார்ந்தது, ஆகவே இரு பக்கமும் சமமாக இருக்கக் கேட்பது உரிமை. குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்கு நிறுவனம் செலவிட்டால், குறித்த காலம் பணியாற்றுவதாகவும் மீறினால் பணம் தருவதாகவும் எழுதிய பாண்ட் கேட்கும். கர்நாடகத்திலிருந்து சென்ற விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மூன்றாண்டுப் பணி, மீறினால் 2 லட்சம் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. எனவே பாண்ட் வெறும் மிரட்டல் என்று எண்ணிக் கையெழுத்திடக் கூடாது. அதே வேளையில் இழப்பீடு நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. பயிற்சிச் செலவின் ரசீதும், பணியாற்றிய மாதங்களுக்கேற்பத் தொகை குறையும் என்ற வாசகமும் பாண்டில் இருக்கட்டும்.

சம்பளம் நின்றால் பலரும் முதலில் டிஜிசிஏவுக்கு எழுதுகிறார்கள். அந்த அமைப்பின் வேலை பாதுகாப்பும் உரிமமும், ஊதிய பாக்கியை வசூலிப்பதன்று. விமானப் போக்குவரத்துச் சேவைக்கு உரிய அரசு மத்திய அரசு என்பதால், சார்ட்டர் நிறுவன விமானி மாநிலத் தொழிலாளர் துறைக்குப் பதிலாகப் பெங்களூருவிலுள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தை அணுக வேண்டும். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பறப்புப் பதிவேடு, பணி அழைப்புச் செய்திகள் ஆகியவற்றின் நகலை நிறுவனத்தின் கணினியில் விட்டுவைக்காமல் வீட்டில் சேர்த்து வைத்திருங்கள். ஊதிய பாக்கிக்கான மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்; கோரிய தொகையுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்குச் சட்டம் இடமளிக்கிறது.