கரிசல் திடலுக்கு எந்தச் செருப்பு?

திறந்தவெளி இசை நிகழ்ச்சி என்றால் இப்போதெல்லாம் பாட்டுக்கு முன்னால் செருப்பு விளம்பரம் வந்து நிற்கிறது. தண்ணீர் புகாத பூட்ஸ், நானோ பூச்சு பூசிய ஷூ, டிராக்டர் டயர் போலப் பல் வைத்த அடிப்பாகம் என்று வரிசையாக வருகின்றன. கூடவே ஏதோ ஒரு குளிர்நாட்டு மைதானத்தின் படமும் வருகிறது. மழை ஒரு கச்சேரியை என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னையை அடுத்த பனையூரில் நடக்கவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10 அன்றுதான் நடந்தது. ஆனால் கடற்கரையோர மணலுக்குச் சொல்லும் யோசனை, பெரம்பலூர் மாவட்டத்தில் பாடாலூரில் பிரிந்து செட்டிகுளம் போனால் செல்லாது. கரும்பு ஏந்திய முருகன் குன்றின்மேல் நிற்க, கீழே சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி அது. மாவட்டத்தின் பல பகுதிகளைப் போல இங்கும் கரிசல் உண்டு. திருவிழா ராத்திரியில் இன்னிசைக் கச்சேரிக்குக் கூட்டம் கூடும் திடல் கரிசலாக இருந்து முந்தின நாள் மழையும் பெய்திருந்தால், தண்ணீரை உள்ளே விடாத செருப்பு பெரிதாக உதவாது. ஒட்டிய மண்ணை விடத் தெரிந்த செருப்புதான் உதவும். இரண்டும் ஒன்றல்ல. பல சமயம் ஒன்றுக்கொன்று எதிரானவை.

மணலுக்கும் கரிசலுக்கும் உள்ள வேறுபாடு துகளின் அளவோடு முடிவதில்லை. கரிசலின் களிப் பகுதியில் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் மிகுதி. ஒரு நானோமீட்டர் தடிமனே உள்ள சிலிகேட் ஏடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் அமைப்பு அது. ஏடுகளில் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் ஏடு முழுவதும் லேசான எதிர்மின்னூட்டத்தோடு இருக்கிறது. அதை ஈடுகட்டக் கால்சியம், சோடியம் அயனிகள் ஏடுகளுக்கு நடுவே வந்து தங்குகின்றன. அந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்ளத் தண்ணீர் உள்ளே நுழைகிறது. முதலில் ஒரு மூலக்கூறு வரிசை, பிறகு இரண்டாவது வரிசை என்று நுழைய நுழைய ஏடுகள் விலகி மண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. ஏடுகளின் உள்பரப்பையும் சேர்த்தால் ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல் போகும். சீனக்களி என்கிற கயோலினைட்டுக்கு அது 10, 20 சதுர மீட்டர்தான். அவ்வளவு பரப்பும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே மேலே வெயில் அடித்தாலும் கரிசல் சட்டென்று உலர்வதில்லை. பெரும்பாலும் மழை நின்ற மறுநாள்தான் அதன் பசைத்தன்மை உச்சத்துக்கு ஏறுகிறது.

மழை கொட்டும்போது ஒட்டாத மண் மறுநாள் ஏன் ஒட்டவேண்டும்? கேழ்வரகுக் களி கிளறும் அடுப்படியில் இதற்குப் பதில் இருக்கிறது. மாவு உலர்ந்திருந்தால் கையில் ஒட்டாமல் உதிர்ந்துபோகும். தண்ணீர் மிகுந்து கூழானால் கையைவிட்டு வழிந்துபோகும். இரண்டுக்கும் நடுவில்தான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அந்த நிலையிலும் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருட்டினால் களி ஒட்டுவதில்லை. கைக்கும் களிக்கும் நடுவே தடித்த நீர்ப்படலம் இருந்தால் அது வழுக்கவிடும். படலம் மெலிந்துவிட்டால் அதே தண்ணீர் பசையாகிறது. மெல்லிய படலத்தின் வளைந்த விளிம்பில் பரப்பு இழுவிசை இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. படலம் மெலிய மெலிய அந்த இழுப்பு கூடுகிறது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் களிமண்ணின் ஈரப்பதத்துக்கு எல்லைகள் வகுத்தார். வழிந்தோடும் எல்லை, பிசையவரும் எல்லை ஆகியவற்றோடு ஒட்டும் எல்லை என்றும் ஒன்று வைத்தார். களி கிளறுபவர் துடுப்பைத் தூக்கிப் பார்த்துச் சொல்வதைத்தான் அவர் எண்ணாக எழுதினார். ஒப்பீட்டை இன்னும் இழுக்கலாம். விடாமல் கிளறினால் கட்டி உடைந்து தண்ணீர் எங்கும் ஒரே சீராகப் பரவுவதுபோல, திடலில் ஆயிரம் பேர் மிதித்து ஆடும்போது கரிசலின் கட்டிகள் உடைந்து பிசைந்த பதத்துக்கு வருகின்றன. அதாவது கச்சேரி களைகட்டக் கட்ட மண் இன்னும் நன்றாக ஒட்டும். இதற்குமேல் ஒப்பீடு தாங்காது. களி வெந்தபின் மாவாகத் திரும்பாது, கரிசல் அடுத்த வெயிலில் பழையபடி ஆகிவிடும்.

செருப்பு விளம்பரங்கள் கவனிக்காத இடத்துக்கு இங்கே வந்து சேர்கிறோம். முதல் அடி வைக்கும்போது மண் ரப்பரைப் பிடிக்கிறது. காலைத் தூக்கும்போது இரண்டில் ஒன்று நடக்கவேண்டும். ரப்பரில் இருந்து மண் பிரியவேண்டும், அல்லது மண்ணே தனக்குள் பிய்ந்துகொள்ளவேண்டும். ரப்பரோடு உள்ள பிடிப்பு மண்ணுக்குள் உள்ள பிடிப்பைவிட வலுவாக இருந்தால் மண் தனக்குள்தான் பிய்கிறது, ஒரு மெல்லிய தகடு செருப்போடு வந்துவிடுகிறது. அந்தத் தகடு வந்த நொடியில் செருப்பின் தரம், விலை, பூச்சு எல்லாம் கதையை விட்டு வெளியேறிவிடுகின்றன. இரண்டாவது அடியில் தரையைத் தொடுவது ரப்பர் அல்ல, மண். மண்ணோடு மண் ஒட்டுகிறது. பத்து அடி போனால் காலடியில் ஒரு வட்டிலே வளர்ந்திருக்கும். எனவே முதல் தகட்டைத் தடுப்பதில்தான் செருப்பின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. ஆழமான, நெருக்கமான பற்கள் இதைக் கெடுக்கின்றன. பள்ளத்துக்குள் புகுந்த மண்ணை அடியும் இரண்டு பக்கச் சுவர்களும் சேர்த்துப் பிடிப்பதால், தட்டையான பரப்பில் உள்ளதைவிட அது கெட்டியாக உட்கார்ந்துவிடுகிறது. டிராக்டர் டயரிலும் ஆழமான பல் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பற்களுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பாருங்கள். சாய்வாக, ஓரம் திறந்து, மண் வெளியே தள்ளப்பட வழி இருக்கும். ஷூ தயாரிப்பவர்கள் டயரின் முரட்டுத் தோற்றத்தை எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிட்டார்கள்.

ஒட்டுவது பாதித் தொல்லை, உறிஞ்சிப் பிடிப்பது மீதி. கால் புதைந்தபின் நேராக மேலே இழுத்தால் அடியில் சிறிய வெற்றிடம் உருவாகப் பார்க்கிறது. மணலாக இருந்தால் துளைகள் வழியே காற்றோ தண்ணீரோ ஓடிவந்து அதை நிரப்பிவிடும். களியின் துளைகள் மிக நுண்ணியவை, அவ்வளவு சீக்கிரம் எதுவும் வராது. ஆக அடியில் அழுத்தம் குறைகிறது, மேலிருக்கும் காற்று செருப்பைக் கீழே அழுத்துகிறது. ஒரு பெரியவரின் செருப்படிப் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால்கூட, 20 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும், அதுவும் ஒவ்வொரு அடிக்கும். ஆனால் இந்தக் கணக்கு முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் பிரியவேண்டும் என்று வைத்துக்கொண்டு போட்டது. குதிகாலை முதலில் எழுப்பிப் பின்னாலிருந்து முன்னால் உரித்துக்கொண்டு வந்தால், எந்த நொடியிலும் பிரியவேண்டியது ஒரு மெல்லிய கோடு மட்டுமே. அந்தக் கோட்டின் பின்னாலேயே காற்று உள்ளே நுழைந்துவிடுவதால் வெற்றிடமும் உருவாவதில்லை. 20 கிலோ கேட்ட இடத்தில் அதில் சிறு பங்கு போதும். வெறுங்கால் இதைத் தானாகவே செய்கிறது: குதிகால், உள்ளங்கால், பெருவிரல் என்று வரிசையாக எழுகிறது. வளையும் செருப்பும் அதையே செய்யும், வளையும்போது அடியில் ஒட்டியதில் கொஞ்சம் பிளந்து விழவும் செய்யும். கெட்டி அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வளையாது, முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் பிடுங்கச் சொல்லும். காசு கொடுத்து வாங்கிய உறுதி இங்கே நம் காலுக்கே எதிராகத் திரும்புகிறது.

அப்படியானால் ஹவாய் செருப்பே போதுமே என்றால், போதாது. அது வளையும். ஆனால் குதிகாலோடு எழாது. கால் மேலே போக, செருப்பு மண்ணில் கிடக்க, இழுப்பு முழுவதும் விரலிடுக்கில் இருக்கும் ஒற்றைக் குமிழின் மேல் விழுகிறது. குமிழ் ஓட்டையை விட்டு வெளியே வந்துவிடும், அல்லது வார் அறுந்துவிடும். குதிகாலைச் சுற்றி வார் போட்ட சாதாரண ரப்பர் சாண்டல் இந்த ஒரு வித்தியாசத்தாலேயே பிழைத்துக்கொள்கிறது. கூர்மையான ஹீல்ஸ் பற்றி ஒரு வரி போதும். ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் 30 கிலோ இறங்கினால் அது செருப்பு அல்ல, முளைக்குச்சி.

வரலாற்றை விட்டுவிட்டால் கோபிப்பவர்கள் உண்டு. வெலிங்டன் பிரபு பெயரில் தோல் பூட்ஸ் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1844-இல் காப்புரிமை பெற்றார். 1853-இல் ஹைரம் ஹட்சின்சன் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் அதைப் பரப்பின. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவின் மழைச் சேற்றில் வெறுங்காலோடு அலைந்தவர்கள் பாதத்தில் வெட்டுக்காயத்தோடு மருத்துவக் கூடாரத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 2005-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவுக்கு மாடல் அழகி கேட் மாஸ் ரப்பர் பூட்ஸோடு போனார், அது நாகரிகமாகிவிட்டது. பண்ணைக்காரர்கள் போட்டதை யாரும் படம் எடுக்கவில்லை.

நானோ பூச்சுக்கு வருவோம். தாமரை இலையில் நீர்த்துளி உருளுவது உண்மைதான். இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கிய காற்றின்மேல் துளி மிதக்கிறது. பூச்சுகளும் அதே உத்தியைத்தான் கையாளுகின்றன. ஆனால் துளி தன் எடையோடு மட்டும் உட்காருகிறது, களிமண்ணோ 60 கிலோ ஆளின் எடையோடு உள்ளே அழுத்தப்படுகிறது. சிக்கிய காற்று வெளியேறிவிடும். மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் அந்த மேடுபள்ளங்களைத் தேய்த்துவிடும். மேல்பாகத் துணிக்குப் பூச்சு ஓரளவு பயன்படலாம், அடிப்பாகத்துக்கு அது சில அடி தூரத்து வேடிக்கை. வியர்வையை வெளியே விடும் தண்ணீர் புகாத சவ்வுக்கும் இதே கதி. உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அது வேலை செய்யும். மேலே மண் அப்பி, காற்றும் புழுங்கும் ராத்திரியில் அந்த வித்தியாசம் ஏது? கம்பூட் எனப்படும் ரப்பர் பூட்ஸிலும் அப்படியே, மழை உள்ளே வராவிட்டாலும் வியர்வை வெளியே போகாது. மூன்று நான்கு மணி நேரம் ஊறிய விரலிடுக்குக்குச் சேற்றுப்புண் வர வெளிச்சேறு தேவையில்லை. திறந்த சாண்டலில் கால் நனையும், ஆனால் காயவும் காயும்.

எதிர்க்கேள்விகள் இருக்கின்றன, சில நியாயமானவை. பல் இல்லாவிட்டால் வழுக்காதா? வழுக்கும். காய்ந்த கெட்டித் தரையில் தூறல் விழுந்து மேல்தோல் மட்டும் நனைந்திருக்கும்போது மொழுக்கென்ற அடிப்பாகம் ஆபத்துதான். அதற்கு இடைவெளி விட்ட மேலோட்டமான வரிகள் வேண்டும். ஆனால் ஆழப்பல் ஷூவின் பள்ளங்கள் நிறைந்தபின் அதுவும் மொழுக்கென்றுதான் இருக்கும், கூடவே அரைக் கிலோ சுமையோடு. சீமைக் கருவேல முள்? இதுதான் வலுவான கேள்வி, வளையும் மெல்லிய ரப்பரை அந்த முள் துளைத்துவிடும். இதற்கு ஊரில் பழைய பதில் உண்டு: தேய்ந்த லாரி டயரை வெட்டித் தைத்த டயர் செருப்பு. உள்ளே நூல் அடுக்குகள் இருப்பதால் முள் எளிதில் ஏறாது, தேய்ந்திருப்பதால் பள்ளம் ஆழமில்லை, பின்வார் வைத்துத் தைத்துத் தரச் சொன்னால் குதிகாலோடு எழும். ரப்பர் சாண்டல் அளவுக்கு வளையாது, கனமும் கூட. முள் நிறைந்த இடத்துக்கு அந்த விட்டுக்கொடுப்பு சரியானது. பாம்புக்கு? வரப்பில் இருட்டில் நடப்பவருக்குக் கம்பூட்தான் சரி, டார்ச் விளக்கும் வேண்டும். விளக்குப் போட்டு ஆயிரம் பேர் மிதிக்கும் திடலின் கணக்கு அதுவல்ல. திடலுக்குப் போகும் வழி காட்டுவழியாக இருந்தால் கம்பூட்டில் போய், சாண்டலுக்கு மாறிக்கொள்வதில் தவறில்லை. பங்குனி வெயிலில் நடக்கும் விழாவுக்கு இந்தப் பேச்செல்லாம் வேண்டியதில்லை. கரிசல் அப்போது கல், கால் சுடாமல் இருந்தால் போதும்.

விழா ஏற்பாடு செய்பவர்களும் ஒன்று செய்யலாம். மேடைக்கு முன்னாலும் நுழைவழியிலும் கிராவலைப் பரப்பிவிட்டால் களியின் தொடர்ச்சி அறுந்துபோகும், உறிஞ்சும் பிடிப்புக்குக் காற்றுவழி கிடைக்கும். மண்வெட்டும் கருவிகளில் களி ஒட்டுவதைக் குறைக்கச் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் சாணவண்டின் உடல்மேல் உள்ள மேடுகளைப் பார்த்துக் கொழு முகங்களை வடிவமைத்தார்கள். ஒட்டும் பரப்பைத் துண்டுதுண்டாக்கிக் காற்று நுழைய இடம் விடுவது அதன் சூத்திரங்களில் ஒன்று. ஒரு லோடு கிராவல் கிட்டத்தட்ட அதே வேலையைத் திடலுக்குச் செய்கிறது.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் குழாயடியில் வைத்துத் தேய்க்காதீர்கள். ஒட்டும் எல்லையில் இருக்கும் மண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பூசி மெழுகுவதில்தான் அது முடியும். திண்ணையில் ஓர் ஓரமாக இரண்டு நாள் போட்டுவிடுங்கள். ஏடுகளுக்கு நடுவே இருந்த நீர் வெளியேறக் கரிசல் சுருங்கும், சுருங்கத் தெரியாத ரப்பரை விட்டு ஓரம் ஓரமாகத் தானே பிளந்து எழும். பிறகு இரண்டு செருப்பையும் ஒன்றோடொன்று தட்டினால் பெரும்பாலானது வில்லைகளாக உதிர்ந்துவிடும். துணி ஷூவில் இது நடக்காது. இழைகளுக்குள் புகுந்த களி காயும்போது இழையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஒரு வாளி தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும்.