ஊரிலிருந்து தொடங்கும் நாட்டுப் பாடம்

சரித்திரமும் பூகோளமும் ஆசிரியர் கற்பிக்க, பிள்ளைகள் பரீட்சைக்காக மனனம் செய்யும் பாடங்கள் என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளிக் கட்டடம், குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றில் பெரிதும் அக்கறை காட்டும் பஞ்சாயத்து உறுப்பினர்கள்கூட, பாடம் ஆசிரியரின் பொறுப்பு என்று ஒதுங்கிவிடுகின்றனர். கணிதத்திற்கு இது ஓரளவு பொருந்தலாம். தமிழ்நாட்டின் சரித்திரம், பூகோளம், பண்பாடு ஆகியவற்றைக் கற்பிப்பதற்கோ ஊராரின் உதவி இன்றியமையாதது. அதற்கு வேண்டிய சாதனங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

நூலும் ஊரும்

2018 முதல் 2020 வரையிலான ஆண்டுகளில் நமது மாநிலப் பள்ளிகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் தமிழ்நாட்டின் நிலவமைப்பும், தமிழ்நாட்டில் நடைபெற்ற விடுதலைப் போராட்டமும் தனிப் பாடங்களாக உள்ளன. நூல்கள் நல்லவையே. ஆயினும் மாநிலம் முழுமைக்குமான ஒரு நூல் ஒவ்வோர் ஊரையும் பற்றிப் பேச இயலாது. நொய்யல் காவிரியின் துணையாறு என்று விடைத்தாளில் சரியாக எழுதும் சிறுவன், தான் நாள்தோறும் பாலத்தின்மீது கடந்து செல்லும் நீரோட்டமே அந்த நொய்யல் என்பதை அறியாதிருக்கக்கூடும்.

இதனால் விளையும் கேடு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. தான் அறியாத பொருளை எவரும் காப்பதில்லை. எழுத்துப் பொறித்த கல் துணி துவைக்கும் கல்லாகிறது. நடுகல் சாலைப் பணியில் புதைந்து போகிறது. நீர்வரத்து வாய்க்கால் மேடாகிறது. இன்றைய மாணாக்கரே நாளைய கிராம சபையினர். எதைக் காக்க வேண்டும் என்பதை இளமையிலேயே அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

காற்றும் மண்ணும் ஆறும்

பூகோளத்தை ஊர்க் காற்றிலிருந்தே தொடங்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரும் வாயிலாக அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியே விரைந்து வீசுகிறது. ஆனால் மழையின் பெரும் பகுதியை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடுகிறது. எனவேதான் பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்துள்ளன. அதே பகுதிகளில் மழை குறைந்து, உழவர் கிணற்றையும் வாய்க்கால் நீரையும் நம்பி வாழ்கின்றனர். 1960களில் உருவான பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இக்குறையைத் தீர்க்க எழுந்ததே. காற்றாலையைக் காட்டி இக்காரணங்களை விளக்கினால், மழை மறைவுப் பிரதேசம் என்ற சொல்லைப் பிள்ளை ஒருபோதும் மறவாது.

காங்கயம் பகுதியின் கொறங்காடும் இத்தகைய ஒரு பாடமே. கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம் ஆகியவற்றைக் கொண்ட இம்மேய்ச்சல் நிலம், மழை குறைந்த சீமையில் நம் முன்னோர் கண்ட தக்க ஏற்பாடு. காங்கயம் காளையின் உறுதிக்கு இந்நிலமும் ஒரு காரணமாகும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடி, நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. பனியன் தொழில் பெருகியபோது சாயக் கழிவு இவ்வாற்றில் சேர்ந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பெற்று 1992இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணையில் உப்பேறிய கழிவுநீர் தேங்கி, கீழ்ப்பகுதி நிலங்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வரலாற்றைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டுவதில்லை. தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டதையும், அதே தொழிலின் கழிவு வேறு பல குடும்பங்களின் வயலை அழித்ததையும் ஒருங்கே கூறுவதே நேர்மையான பாடம். திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதையும் கூறலாம். நீர்நிலையை மீட்க இயலும் என்ற நம்பிக்கையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

நம் சீமையின் சரித்திரம்

சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது. இரும்பு உருக்கிய உலைகள், மணிகள் செய்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. நூல் நூற்கப் பயன்பட்ட தக்களிகளும் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் எனும் விலையுயர்ந்த கல் கிடைத்து வந்தது. மேல்கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற வாணிக வழியில் கொடுமணல் அமைந்திருந்தது. ரோமாபுரி நாணயங்கள் கொங்கு நாட்டின் பல இடங்களில் கிடைத்துள்ளன. நம் சீமை அயல்நாட்டு வாணிகத்தை இருபதாம் நூற்றாண்டில்தான் கண்டது என்று எண்ணும் பிள்ளைக்கு இச்செய்தி பெருவியப்பைத் தரும்.

பிற்காலத்துச் செய்திகளும் அருகிலேயே உள்ளன. காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீரன் சின்னமலை, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். சென்னிமலையில் 1904இல் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10ஆம் நாள் திருப்பூரில் நடைபெற்ற ஊர்வலத்தில் தடியடிபட்டு, கையில் பிடித்த கொடியை விடாது வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, 1969 ஜனவரி 14 முதல் நமது மாநிலம் தமிழ்நாடு எனும் பெயர் பூண்டது. உள்ளூர் வீரரின் வரலாற்றை அறிந்த பிள்ளைக்கு இத்தேதிகள் வெறும் எண்களாகத் தோன்றா.

வந்து சேர்ந்த பிள்ளைகள்

பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரின் குழந்தைகளும் இன்று நம் பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்நாட்டுச் சரித்திரம் தமக்கு அயலானது என்று அவர்கள் கருதும்படி விடலாகாது. பாடலிபுத்திரத்திலிருந்து ஆண்ட அசோக மன்னர், தம் கல்வெட்டுகளில் சோழரையும் பாண்டியரையும் குறித்துள்ளார். அந்நகரம் இன்று பாட்னா என வழங்குகிறது. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டு தமிழர் கூட்டணியைப் பற்றிப் பேசுகிறது; அக்கல்வெட்டு ஒடிசாவில் உள்ளது. இவற்றைக் கூறும்போது, தன் ஊருக்கும் இவ்வூருக்கும் ஈராயிரம் ஆண்டுத் தொடர்பு உண்டென்று அப்பிள்ளை மகிழும். அருகிலிருக்கும் நம் பிள்ளையும் அவனை அயலான் என எண்ணாது.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

1950களின் பிற்பகுதியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், கிராம மக்கள் மேசையும் நாற்காலியும் நிலமும் பணமும் பள்ளிகளுக்கு மனமுவந்து வழங்கினர். இப்போது வேண்டுவன அவற்றினும் எளியவை:

1. ஊர்ச் சரித்திர ஏடு ஒன்று தொடங்குக. ஊர்ப்பெயர்க் காரணம், கோயில், குளம், கிணறு, பழைய பயிர் வகைகள், வறட்சி ஆண்டுகள், முதல் தறி அல்லது முதல் பனியன் பட்டறை வந்த காலம் ஆகியவற்றை மாணாக்கர் பெரியோரிடம் கேட்டு எழுதுக. கேள்விச் செய்தியையும் எழுத்துச் சான்றையும் வேறு வேறாகக் குறிப்பது நலம்.

2. மாதம் ஒருமுறை உழவர், நெசவாளர், காளை வளர்ப்போர், வள்ளி கும்மி ஆசிரியர் ஆகியோருள் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் செய்க. அண்ணன்மார் சுவாமி கதையை உடுக்கையோடு பாடவல்ல முதியோர் இருப்பின், காலம் தாழ்த்தாது அழைத்திடுக.

3. ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள ஓரிடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்க. ஊத்துக்குளிச் சாலையில் உள்ள சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீசுவரர் கோயில், அவிநாசிக் கோயில், திருப்பூர்க் குமரன் நினைவகம், நஞ்சராயன் குளம் ஆகியவை ஒரே நாளில் சென்று திரும்பத் தக்கவை.

4. நிலத்தில் எழுத்துக் கல்லோ பழங்காசோ கிடைத்தால், அதைச் சுரண்டாமலும் சுண்ணாம்பு பூசாமலும் வைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே தெரிவித்திடுக. புதையல் பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது.

5. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. மேற்கூறிய வேலைகளுக்கு அக்குழுவே பொறுப்பேற்கலாம்.

2022 முதல் நவம்பர் 1ஆம் நாளிலும் கிராம சபை கூடுகிறது. உள்ளாட்சி தினமாகக் கொண்டாடப்படும் அந்நாள், மொழிவழி மாநிலம் அமைந்த நாளுமாகும். அக்கூட்டத்தில் மாணாக்கர் தாம் எழுதிய ஊர் ஏட்டின் ஒரு பகுதியைப் படிக்க, ஊரார் பிழை திருத்தி, விட்டதைச் சேர்த்தல் சிறந்த வழக்கமாக அமையும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும், பெருஞ்செலவு ஏதுமில்லை. வயது முதிர்ந்தோரின் நினைவுக்கு மட்டும் நாம் விரும்பியவாறு தவணை கிடைப்பதில்லை. ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் வரும் கிராம சபைக்கு முன்பாகவே தங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, முதல் ஏட்டைத் தொடங்கி வைக்குமாறு வேண்டுகிறோம்.