இரவைப் படியெடுத்தல்

ஓவியக் கல்வியிற் படியெடுத்தலை இழிவாகக் கருதுவோர் உளர். பிறர் வரைந்ததைப் பார்த்து வரைபவன் தனக்கென எதனையும் ஆக்குவதில்லை என்பது அவர் கூற்று. ஆயினும், பேரோவியர் பலருடைய கைகள் முன்னோர் கைகளைப் பின்பற்றியே பழகின. பிரெஞ்சு ஓவியர் வில்லியம் புகரோ (1825–1905) உரோமாபுரியிற் பயின்ற காலத்தில் இரஃபேலின் ‘கலாத்தியா’வைப் படியெடுத்தவரே.

அவர் 1883ஆம் ஆண்டு ‘இரவு’ என்னும் தைலவண்ண ஓவியத்தைத் தீட்டினார். அதில் இரவு ஒரு நங்கையாகக் காட்சி தருகின்றது. கரிய ஆடை சூழ, கால் மண்ணிற் பதியாது அவள் மிதக்கின்றாள். ஆந்தைகள் உடன் பறக்கின்றன. பொழுதைப் பெண்ணாகக் காணும் இம்மரபு நமக்குப் புதிதன்று. இருக்கு வேதம் வைகறையை உஷை எனவும் இரவை இராத்திரி எனவும் தேவியராக்கிப் போற்றுகின்றது.

மூல ஓவியம் ஏறத்தாழ ஏழடி உயரமுடையது. வாசிங்டன் நகரில் ஹில்வுட் அரும்பொருளகத்தில் உள்ளது. கட்டைபறிச்சானிலிருந்து அதனைப் பயில முனையும் மாணவனுக்குக் கிட்டுவது அச்சுப்படியே. அச்சு மையோ இருளின் பல படிகளை ஒரே கருமையாக்கிவிடும். அதனை நம்பிக் கரிய வண்ணத்தை அப்பினால், கித்தானில் இரவு தோன்றாது. கரி பூசிய சுவரே தோன்றும்.

ஆதலின், படியெடுப்போன் நிறத்தை அன்றி, நிறம் அமைந்த முறையையே முதலில் ஆராய்தல் வேண்டும். தைலவண்ணம் என்பது ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயிற் குழைத்த நிறப்பொடியாகும். எண்ணெய் குறைந்த மெல்லிய கபில நிறத்தால் ஒளியையும் இருளையும் முன்னர்ப் பகுத்து, அது உலர்ந்தபின் எண்ணெய் மிகுந்த படலங்களை மேலே இடுதல் முறை. மாறி இடின், கீழ்ப்படலம் உலருமுன் மேற்படலம் இறுகி, நாளடைவில் வெடிப்புக் காணும். கருநீலமும் கடுங்கபிலமும் கலந்து இருளை ஆக்கலாம். நீலம் மிகின் அது குளிர்ந்தும், கபிலம் மிகின் வெம்மையாயும் தோன்றும். உடலின் விளிம்பு எங்கே தெளிகின்றது, எங்கே இருளிற் கரைகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மிதக்கும் தோற்றம் பிறப்பது அக்கரைவிலேயாம்.

ஆசிரியரும் கலைக்கூடமும் அருகில் இல்லாமை இக்கல்விக்குப் பெருந்தடையே. எனினும், கடக்க இயலாத தடையன்று. இரவி வர்மா (1848–1906) இளமையில், திருவிதாங்கூர் அரண்மனைக்கு 1868இல் வந்த தியடோர் ஜென்சன் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைவு பெற்றார். அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுக்க, அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்பர். கண்டதைத் தாமே செய்து பார்த்தே இரவி வர்மா தேறினார்.

கட்டைபறிச்சான் மாணவனுக்கும் அச்சுப்படிக்கு அப்பால் ஓர் ஆசான் உண்டு. அது அவ்வூரின் இரவே. அந்தி மயங்கும் வேளையிற் செவ்வரத்தம் பூவை நோக்கின், பகலில் ஒளிர்ந்த அதன் செம்மை, பச்சிலைக்கு முன்னரே கறுப்பதைக் காணலாம். மங்கிய ஒளியில் நம் கண் செந்நிறத்தை முன்னதாக இழத்தலே இதன் காரணம். இதனைப் பூர்க்கினே என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துக்காட்டினார். கொட்டியாரக் குடாவின் நீரும் நிலவற்ற இரவில் வானத்தின் நிறத்தினின்று வேறுபட்டே நிற்கும்.

இவ்வாறு கண்டறிந்தவன் தன் படியையும் அச்சுப்படியையும் ஒருங்கே திருத்தும் ஆற்றல் பெறுகின்றான். புகரோவின் இரவைப் பயின்ற கை, கொட்டியாரத்தின் இரவைத் தானே தீட்டத் தொடங்கும் நாளிற்றான் படியெடுத்தல் கல்வியாகின்றது.