மாட்டுக்குத்தானே என்று போடாதீர்கள்

திருவதிகையிலும் பண்ருட்டியைச் சுற்றிய ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முதலில் கெடுவது வைக்கோலும் மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொடியும்தான். நனைந்த போரின் அடியிலிருந்து ஒரு பிடி உருவிப் பாருங்கள். தாளில் கரும்புள்ளி விழுந்திருக்கும். உதறினால் சாம்பல் நிறத் தூசி கிளம்பும், மக்கல் வாடை மூக்கில் ஏறும். அந்தத் தூசி மண்ணல்ல, பூஞ்சண வித்து. "ரெண்டு நாள் வெயில்ல போட்டா சரியாயிடும், மாட்டுக்குத்தானே!" என்பார்கள். வெயில் ஈரத்தை எடுக்கும். பூஞ்சணம் ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சை எடுக்காது.

பூஞ்சண நஞ்சின் கொடுமைக்குக் காட்டு யானைகளே சாட்சி. 1933 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் வண்ணாத்திப்பாறைக் காட்டில் வரகு தின்ற 14 யானைகள் செத்துக் கிடந்தன. 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கரில் 10 யானைகள் அதே வரகை மேய்ந்து மடிந்தன. அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற பூஞ்சண நஞ்சு அகப்பட்டது. வரகு நல்ல தானியம். கதிர் முற்றும் நேரத்து மழையில் அதன்மேல் ஏறும் பூஞ்சணம்தான் எமன். வட இந்தியாவில் பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தின்னும் எருமைகளுக்குப் பனிக்காலத்தில் டெக்னாலா என்ற நோய் வருகிறது. காது நுனியும் வால் நுனியும் ரத்த ஓட்டமின்றிக் கறுத்து உதிர்ந்துவிடும்.

மல்லாட்டை விளையும் நம் பகுதிக்கு இன்னொரு கவலை உண்டு: அஃப்ளாடாக்ஸின். 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பிடிபட்ட நஞ்சு இது. இது சட்டென்று கொல்லாமல் மெதுவாக ஈரலைக் கெடுக்கும். மாடு தீவனத்தில் வாய் வைக்காது, கறவை குறையும், நோய் எளிதில் தொற்றும். ஈரல் இந்த நஞ்சை எம்1 என்ற வடிவுக்கு மாற்ற, அதில் ஒரு பங்கு மடியில் இறங்குகிறது. தின்ற ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. நம் குழந்தைகள் குடிக்கும் பால் அது.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் எம்1, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். கலப்படத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் தீவனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும். வைக்கோல் போரைத் தரையில் போடாமல் மேடை கட்டி அதன்மேல் போடுங்கள். கொடியில் தொங்கும் அழுகிய காய்களைக் கிள்ளி எறிந்த பிறகே மாட்டுக்குக் காட்டுங்கள். பூஞ்சணம் பூத்ததை எருக்குழிக்கு அனுப்புங்கள். நல்லதோடு கலந்து போட வேண்டாம். மாடு தள்ளாடினாலோ, வால் நுனி கறுத்தாலோ காத்திருக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் உடனே அழையுங்கள்.