கன்று ஈன்ற பசு எழாவிடில்

எளிய குடும்பத்துக் கறவைப் பசு கன்று ஈனும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாளாகும். மாதக்கணக்கில் எதிர்பார்த்திருந்த பால் வருவாய் அன்று முதல் தொடங்குகிறது. ஆயினும், நல்ல உடற்கட்டும் நிறைந்த மடியும் கொண்ட பசு இடரின்றிக் கன்று ஈன்று, மறுநாளே தரையில் படுத்து எழ இயலாமற் போவதும் உண்டு. கண்ணேறு பட்டுவிட்டது என்று கழிப்புக் கழிப்போரும், ஈன்ற அலுப்பு என்று எண்ணிப் பொழுது விடியட்டும் எனக் காத்திருப்போரும் உளர். இவ்வாறு வீணாகும் சில மணி நேரம் பசுவின் உயிருக்கே கேடாகிவிடலாம். இந்நோய்க்குப் பால் ஜுரம் என்று பெயர். உரிய காலத்தில் சிகிச்சை கிடைப்பின் எளிதில் குணமாகும் நோய்களுள் இதுவும் ஒன்று.

நோயின் காரணம்

பெயர் ஜுரம் என்றிருப்பினும், இந்நோயில் உடல் சூடேறுவதில்லை. நலமுள்ள பசுவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 பாரன்ஹீட் பாகை. நோயுற்ற பசுவிலோ அது குறைந்து, காதுகள் தொட்டால் குளிர்ந்திருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், திடீரெனக் குறைவதே இதன் காரணம்.

கால்சியம் எலும்புக்கு உறுதி தருவது என்பதை யாவரும் அறிவர். நரம்பின் கட்டளை தசையைச் சென்றடைவதற்கும், தசை சுருங்குவதற்கும் அது இன்றியமையாதது. 100 மில்லிலிட்டர் ரத்த நீரில் 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கவேண்டிய கால்சியம் 5 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கினால் கால் தசைகள் தளர்கின்றன. இரைப்பையும் குடலும் அசைவற்றுப் போகின்றன. இறுதியில் இதயமும் ஓய்கிறது.

இச்சத்து சீம்பாலின் வழியே வெளியேறுகிறது. பசுவின் ரத்த நீர் முழுவதிலும் ஒரு வேளையில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 3 கிராமே. 10 லிட்டர் சீம்பாலிலோ சுமார் 23 கிராம் அடங்கியுள்ளது. எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் இவ்விழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு உடலில் உண்டு. ஆயினும் அது முழு அளவில் இயங்க இரண்டொரு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நோய் தோன்றுகிறது. மிகுதியாகப் பால் தரும் பசுக்களும், பல ஈற்றுக் கண்ட பசுக்களும், ஜெர்சி இனமும் இதற்கு எளிதில் இலக்காகின்றன.

சிகிச்சை பிறந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இந்நோய் கண்ட பசுக்களுள் பெரும்பாலானவை மாண்டன. 1897-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் என்பார், மடியில் நஞ்சு உண்டாகிறது எனக் கருதி, மடிக்குள் மருந்து நீரைச் செலுத்தினார். பசுக்கள் பிழைத்தன. பின்னர், வெறுங்காற்றைச் செலுத்தினாலும் பிழைப்பது தெரியவந்தது. மடி உப்பியதும் பால் சுரப்பு தடைப்பட்டு, கால்சியம் வெளியேறுவதும் நின்றதே இதன் காரணம். 1925-இல் ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் ஆகிய இருவரும் கால்சியக் குறைவே நோய்க்கு மூலம் என்ற கருத்தை வெளியிட்டனர். இன்று மருத்துவர்கள் கால்சியம் போரோகுளுக்கோனேட் என்னும் மருந்தை ரத்த நாளத்தில் மெதுவாக ஏற்றுகின்றனர். பல பசுக்கள் இரண்டு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கின்றன.

அறிகுறிகள்

பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் நோய் காணும். முதலில் பசு தீவனம் மறுத்து, தசைகள் துடிக்க, தள்ளாடி நடக்கும். அடுத்து, படுத்த நிலையில் கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக்கொள்ளும். மூக்கு நுனி உலர்ந்து, சாணம் நின்றுவிடும். பின்னர் ஒருக்களித்துச் சாய்ந்து, வயிறு உப்பி, நினைவிழக்கும். இந்நிலையில் சிகிச்சை தாமதமானால் மரணம் விரைவில் நேரும்.

செய்யத்தக்கன, தகாதன

தள்ளாட்டம் கண்டவுடனேயே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்னும் தொலைபேசி எண் வாயிலாக நடமாடும் மருத்துவ ஊர்தியின் உதவியை நாடலாம். ஈன்ற நாள், எத்தனையாவது ஈற்று என்பவற்றைத் தவறாது கூறுக.

மருத்துவர் வரும்வரை, வைக்கோல் மூட்டைகளை இருபுறமும் அணைவாக வைத்து, பசு மார்பின்மீது நிமிர்ந்து படுத்திருக்குமாறு செய்க. வைக்கோலை மெத்தென்று பரப்பி, இரண்டொரு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுக. உடலின் பளு ஒரே காலின்மீது நெடுநேரம் அழுந்தினால் அக்காலின் தசையும் நரம்பும் சிதைந்து, கால்சியம் ஏற்றிய பின்னரும் பசு எழ முடியாமற் போகும்.

வாயில் கஷாயமோ எண்ணெயோ புகட்டலாகாது. விழுங்கும் தசைகளும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். சூடு போடுவதும் பயனற்ற கொடுமையே. பயிற்சியில்லாதவர் ஊசி போட இடந்தரலாகாது. கால்சியம் விரைந்து ஏறினால் இதயம் நின்றுவிடும். குணமான பசுவுக்கும் இரண்டொரு நாளில் நோய் திரும்பக்கூடுமாதலால் கண்காணிப்புத் தேவை.

வருமுன் காத்தல்

சினைப் பசுவுக்குக் கால்சியத்தை அள்ளிக் கொடுப்பது நன்று எனப் பலர் எண்ணுகின்றனர். தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து அதனை எடுக்கும் ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. ஆகவே ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களில் குதிரைமசால் போன்ற கால்சியம் மிகுந்த தீவனத்தைக் குறைத்து, தாது உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. ஈன்ற பின் கன்று வயிறாரச் சீம்பால் குடிக்கட்டும்; முதல் இரண்டு நாட்கள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம். முன்னர் இந்நோய் கண்ட பசுவாயின், ஈன்றவுடன் கொடுக்க வேண்டிய கால்சிய மருந்தை மருத்துவரின் யோசனைப்படி ஆயத்தமாக வைத்திருத்தல் நலம்.

கன்று ஈன்ற பின் மூன்று இரவுகள், உறங்கப் போகுமுன் விளக்குடன் தொழுவத்திற்குச் சென்று பசு எழுந்து நிற்கிறதா, காது குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து வருக. இச்சிறு உழைப்பு பசுவையும், அதனை நம்பிய குடும்பத்தையும் ஒருங்கே காக்கும்.